மாஸ்டர் வீட்டு ரொட்டி

ரொட்டியின் மூன்றாவது துண்டை யாரும் எடுத்து வைக்காமல் மாஸ்டர் தானே எடுத்துக்கொண்டார். வெண்ணெய் தடவவில்லை. ஓரத்தைக் கடித்தார், நிதானமாக மென்றார், விழுங்கினார், பிறகு தட்டைப் பார்த்தபடியே "நல்லா இருக்கு" என்றார். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்ற அவர் மனைவிக்கு, தான் இன்னும் ஒரு வாய் கூடச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது. இந்த வார்த்தைக்காக அவள் இருபது வருடம் காத்திருந்தாள் என்று சொன்னால் அது மிகை. காத்திருப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள் என்பதுதான் சரி. விட்ட பிறகு கிடைப்பதற்கு ருசி அதிகம் போலும்.

அவர் வீட்டுக்கும் மாஸ்டர்தான், வெளியிலும் மாஸ்டர்தான். ஊருக்கு வெளியே இருக்கும் மோட்டார் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அவர் நாக்கைப் பற்றி அங்கே ஆயிரம் கதை உண்டு. மூடியிருக்கும் அண்டாவின் பக்கத்தில் நடந்து போகும்போதே "இன்னும் ரெண்டு கல் உப்பு வேணும்" என்பாராம். எண்ணெய் டின் மாறி வந்தால் முதல் சொட்டிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாராம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மாஸ்டர் பந்தியில் உட்கார்ந்தால், சமைத்தவர் பின்கட்டு வழியாக வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் கத்த மாட்டார், தட்டைத் தூக்கி எறிய மாட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாக, பரிதாபப்படுகிற குரலில் குறையைச் சொல்வார். அதற்குத் தட்டைத் தூக்கி எறிந்தாலே தேவலை.

கல்யாணமான முதல் வாரத்தில் அவள் ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டாள். மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் சரிதான், உப்பை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் போட்டுட்ட" என்றார். உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சீக்கிரம் போட்டுவிட்டாளாம். அன்று கரண்டியைக் கீழே வைத்தவள்தான். அதன் பிறகு வீட்டுச் சமையல் அவருடைய ராஜ்ஜியமாகிவிட்டது. அவள் காய் நறுக்குவாள், பாத்திரம் கழுவுவாள், பால் காய்ச்சுவாள், அவ்வளவுதான். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பொறாமை. "குடுத்து வச்சவ, புருஷன் சமைச்சுப் போடறான்" என்று அவள் தங்கையே சொல்வாள். சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. ஆனால் தன் கையால் செய்த ஒன்றை வீட்டில் யாராவது இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை, சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்ட முள் மாதிரி அவளிடம் எங்கோ இருந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருகிற முகங்கள் அவளுக்கு மனப்பாடம். பாதி மாத்திரையில் ஆரம்பித்தவர்கள் முழு மாத்திரைக்கு வருவார்கள், பிறகு இரண்டுக்கு வருவார்கள். பையை வாங்கிக்கொண்டு நேரே பக்கத்து பேக்கரிக்குப் போய், பஞ்சு மாதிரி வெள்ளை ரொட்டி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஒரு நாள் அந்தப் பாக்கெட்டின் முதுகில் இருந்த பொடி எழுத்தை எல்லாம் படித்துப் பார்த்தாள். மருந்துச்சீட்டு வாசித்துப் பழகிய கண். மாவு, சர்க்கரை, அதன் பிறகு வாயில் நுழையாத பெயர்களாகவே ஒரு பத்தி. மகள் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் தினமும் தின்பது அதைத்தான். அப்போதுதான் தங்கை வீடு மாறினாள், புது வீட்டில் வைக்க இடமில்லை என்று ஒரு ரொட்டி மெஷினை அக்கா தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

மெஷின் வேலை செய்வதை மாஸ்டர் முதன்முதலாகக் குனிந்து பார்த்தார். உள்ளே வாளி, வாளியின் அடியில் ஒரு சின்னத் துடுப்பு, அது சுழன்று சுழன்று மாவைப் புரட்டிக்கொண்டிருந்தது. "இது சமைக்கல. துணி துவைக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலில் வந்த ரொட்டிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஒன்றைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். இன்னொன்று, எப்படி வருகிறதென்று பார்க்கும் ஆவலில் அவள் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில், பொங்கி வந்த மாவு குளிர்ந்து அமுங்கிவிட்டது. ஆனால் மருந்துக்கடைக்காரிக்குப் பொறுமை உண்டு, அளவு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், எண்ணெய், மூலையில் உப்பு. அதன் மேல் முழுக் கோதுமை மாவு. மாவின் நடுவில் குழி செய்து ஈஸ்ட், அது தண்ணீரையும் உப்பையும் தொடக் கூடாது. சர்க்கரைக்குப் பதில் ஈஸ்ட்டுக்கு உயிர் வருவதற்கு மட்டும் துளி தேன். பிசைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை மட்டும் திறந்து மாவைத் தொட்டுப் பார்க்கலாம், காது மடல் பதத்தில் இருக்க வேண்டும். இறுகலாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு. மெஷின் 'பீப்' அடித்துக் கூப்பிடும்போது ஆளி விதையும் சூரியகாந்தி விதையும். வெந்த பிறகு ஆறாமல் வெட்டக் கூடாது, அதற்குத்தான் பொறுமை நிறைய வேண்டும்.

இதற்கு நடுவில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள், ஆளைப் புரட்டிப் போட்டுவிட்டது. எழுந்து வேலைக்குப் போனபோது கொஞ்சம் மாறியிருந்தார். "நாள் பூரா அடுப்படிலதான் நிக்கிறேன், வீட்லயாவது நீ பாத்துக்கோ" என்று சமையலை அவள் கையில் கொடுத்தார். போட்டதைச் சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. ஒரு நாள் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அவளுக்குக் காதை நம்ப முடியவில்லை. வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி பட்டம். தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். படுக்கையில் கிடந்து எழுந்தால் மனிதனுக்குக் கொஞ்சம் பணிவு வரும்தானே என்று தங்கை தத்துவம் பேசினாள். இருக்கலாம் என்று இவளும் ஏற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரொட்டிக்கும் அந்த இரண்டு வார்த்தை கிடைத்துக்கொண்டிருந்தது, அவளும் காலையில் பாட்டு முணுமுணுக்கிறவளாகிவிட்டாள்.

கேன்டீனில்தான் காற்று சரியில்லை. புதிதாக ஒருவர் கேன்டீனைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். சாப்பாடு முன்போல் இல்லை, ஒரு நாள் உப்புக் கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது என்று தொழிலாளர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை மதியம் காண்ட்ராக்டரே தொழிலாளர் பிரதிநிதிகளோடு வந்து உட்கார்ந்து சாப்பிடப் போகிறார். பிடிக்கவில்லையென்றால் வேறு சமையல்காரர் வருவார், மாஸ்டர் சாமான் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேன்டீனில் காய் நறுக்கும் அக்கா பிரஷர் மாத்திரை வாங்க வந்தபோது இதைச் சொன்னாள். மாஸ்டரின் மனைவி சிரித்துவிட்டாள். "அவர் சமையலுக்கா? அரிசி மட்டமா வந்திருக்கும். திங்கக்கிழமை ஒரு வாய் சாப்பிட்டா அந்த ஆளே எந்திரிச்சுக் கும்பிடு போடுவான், பாருங்க." காய் நறுக்கும் அக்கா எதையோ சொல்ல வாயெடுத்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை காலையில்தான் மாஸ்டர் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகள் ஈரத் தலையோடு வந்து நின்றபடியே ஒரு துண்டை எடுத்து வாயில் திணித்தாள். இரண்டு தடவை மென்றவள் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இதுல உப்பே இல்ல."

"பேசாம சாப்பிடு. வர வர உனக்கு எது குடுத்தாலும் குறை."

"நிஜமாம்மா. அட்டையத் திங்கற மாதிரி இருக்கு. நீயே தின்னு பாரு."

அவள் ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். மாவு வாசனையும் ஈஸ்ட்டின் புளிப்பும்தான் இருந்தது, நாக்கில் எதுவும் நிற்கவில்லை. நேற்று எல்லாவற்றையும் அளந்து போடும்போது தங்கை போன் செய்தாள், பேசிக்கொண்டே உப்பு டப்பாவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது, மூடியதும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் போட்டது ஞாபகம் இல்லை. மெஷினிலிருந்து எடுத்தபோதே ரொட்டியின் தலை உள்வாங்கிக் குழியாக இருந்தது. உப்பில்லாவிட்டால் ஈஸ்ட்டுக்குக் கடிவாளம் இருக்காது, மாவு கன்னாபின்னாவென்று பொங்கி அப்படியே உட்கார்ந்துவிடும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்போது ஈஸ்ட் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"அட ஆமா, மறந்தே போயிட்டேன்" என்று சிரிக்கப் போனவள் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லுவது நின்றிருந்தது. கையில் மிச்சமிருந்த ரொட்டியை, அதில் ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டது மூன்று துண்டு. ரொட்டியின் தலையில் இருந்த குழியைப் பற்றிக்கூட அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, நீ எப்படிப்பா இதப் போய் மூணு தின்ன?" என்றாள் மகள்.

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு" என்று அம்மா முந்திக்கொண்டாள். "வேணும்னேதான் போடல. அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். நீ மேல ஜாம் தடவிக்கோ, டியூஷனுக்கு நேரமாகுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். மகள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஜாமை அள்ளிப் பூசிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கி அடிப்பிடித்துத் தீய்ந்தது, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாசனை பிடித்து ஓடிவந்தாள். மாஸ்டர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஒரு நாள் அவள் பைக்குள்ளேயே இருமல் மருந்து பாட்டில் உடைந்து, வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள், அவர் "ஏன் குளிர்ல ஜன்னலத் திறக்கற" என்று கேட்டார். காய்ச்சல் அசதி என்று நினைத்தாளே தவிர, இப்படி ஒன்றை அவள் நினைக்கவில்லை. சூரியன் மேற்கே உதிக்கும் என்றால்கூட ஒருவேளை நம்பியிருப்பாள்.

முதலில் வந்தது பரிதாபம் இல்லை, கோபம். அப்படியானால் அந்த "நல்லா இருக்கு" எல்லாம் என்ன? பாட்டு முணுமுணுத்ததும் தங்கையிடம் பீற்றிக்கொண்டதும் நினைவு வந்து காது சுட்டது. மனிதனுக்கு நாக்கே போயிருக்கிறது, நம்மைப் பாராட்டினது பொய்யா நிஜமா என்று கணக்குப் பார்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மனசு என்ன வரிசையிலா நிற்கிறது, எது முண்டியடிக்கிறதோ அது முதலில் வருகிறது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

மாஸ்டர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார். "காய்ச்சல் விட்டதுலேர்ந்து."

"உப்பு மட்டுமா?"

"எல்லாந்தான். வாசனையும் இல்ல. மொதல்ல சளின்னு நெனச்சேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். டவுனுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர். சீட்டு உன் கடைக்கு வந்துடக் கூடாதுன்னு." குழாயை மூடினார். "திரும்பி வரலாங்கறாரு. எப்பன்னு கேட்டா, சிலருக்கு சில மாசம் ஆகும், சிலருக்கு வராமலே போயிடும்னாரு. மாத்திரை ஒண்ணும் கிடையாதாம்."

"அங்க எப்படிங்க சமைக்கிறீங்க? அத்தனை பேருக்கு?"

"கை பழக்கம். கண் பழக்கம்." கொஞ்ச நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "காய் நறுக்கற அக்காகிட்ட ஒரு கரண்டி குடுத்து எப்படி இருக்குன்னு கேப்பேன். சூப்பர் மாஸ்டர்னும். பரிமாறறவங்ககிட்ட கேட்டேன், அவங்களும் சூப்பர் மாஸ்டர். ஒரு நாள் வேணும்னே ஒரு கை உப்பை அதிகமாப் போட்டுட்டுக் கேட்டேன். கண்ணுல தண்ணி வருது அந்தக்காவுக்கு, அப்பவும் சூப்பர்னு சொல்லுது. அத்தனை பேரையும் பயமுறுத்தி வச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "அப்ப எனக்குச் சொன்னது?"

மாஸ்டர் துண்டைக் கொடியில் போட்டார். "நீ எதிர்ல வந்து நிப்ப. ஒண்ணும் சொல்லலேன்னா உனக்குத் தெரிஞ்சிடும். குறை சொல்லலாம்னா, என்ன குறைன்னு தெரியாம எதச் சொல்றது?" வாசற்படி வரை போனவர் நின்றார். "ஆனா வாயில ஏதோ இருக்குன்னு தெரியறது உன் பிரெட்டு ஒண்ணுதான். சோறு, காய், எல்லாம் ஈர மண்ணு மாதிரி போகுது. இதுல மேல்தோல் நொறுங்குது. விதை பல்லுல படுது. அதுக்குத்தான் மூணாவது துண்டு."

இது உண்மையா, சமாதானமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொன்னதை அவள் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை, சந்தேகப்பட வசதியே இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுங்களேன். உடம்பு சரியில்லாம வந்ததுதானே. கொஞ்ச நாள் லீவு கேக்கலாம்."

"கண்ணு தெரியலன்னு சொல்ற டிரைவர்கிட்ட வண்டிச் சாவிய யாரு குடுப்பா?" என்றார். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். தெருமுனை வரை அவர் நடப்பதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்.

அன்று கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. பிரஷர் மாத்திரை கேட்டவரிடம் சத்து மாத்திரையை எடுத்து நீட்டினாள், அவர் நல்லவேளையாகப் படித்துப் பார்க்கிற மனிதர். கிடங்கில் மூட்டை எண்ணும் மாஸ்டரை நினைத்துப் பார்த்தாள். வயிறு நிறைகிற அளவுக்குச் சம்பளம் வரும், அதில் மாற்றமில்லை. ஆனால் பக்கத்து அறையில் வேறொருவன் கரண்டியைச் சட்டியில் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். கல்யாணமான முதல் வாரத்தில் தான் கரண்டியைக் கீழே வைத்தது நினைவு வந்தது. அதை அவள் தாங்கிக்கொண்டாள், அவளுக்குச் செய்ய வேறு வேலை இருந்தது. அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாஸ்டர் சைக்கிளைத் துடைத்தார், ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார். சாயங்காலம் மகள் தோழி வீட்டுக்குப் போன பிறகு சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் மறந்தே போயிருந்தது அவளுக்கு. அவர் வெங்காயம் நறுக்கினால் தனித் தாளம், மூடியை வைப்பதற்கு ஒரு சத்தம், தீயைக் குறைப்பதற்கு முன் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். பருப்பு சூப் வைக்கிறார் என்று தெரிந்தது. நாளை மெனுவில் முதலில் வருவது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அவள் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். பூண்டு பொன்னிறம் தாண்டியது, பழுப்புக்கு வந்தது, கருகியது. எழுந்து போய் அடுப்பை அணைக்கக் கால் பரபரத்தது. போகவில்லை. உள்ளே அவர் செருமிக்கொண்டு, நிதானமாக, எல்லாம் சரியாக நடப்பது போலக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இங்க வா" என்று கூப்பிட்டார்.

தோளில் துண்டு, நெற்றியில் வியர்வை. ஒரு கரண்டி சூப்பை எடுத்து, இரண்டு தடவை ஊதி, சொட்டாமல் இருக்க அடியில் உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார். "சொல்லு" என்றார்.

அவள் வாங்கிக் குடித்தாள். மருந்துச்சீட்டை நீட்டிவிட்டுத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் நோயாளிகளை அவளுக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது, பெரிய வியாதியா, இவள் முகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாஸ்டர் அப்படிப் பார்த்தார். அவரை அந்தக் கண்ணோடு அவள் பார்த்ததே இல்லை. "நல்லா இருக்கு" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார். அவள் மேல் இருக்கிற பிரியத்தில் நம்பியும் விடுவார். கேன்டீனில் எல்லோரும் செய்வதும் அதைத்தான்.

"பூண்டு தீஞ்சிருச்சு" என்றாள்.

"எவ்வளவு?"

"நல்லாவே. கசக்குது. உப்பும் ரெண்டு பங்கு கூட. இத யாரும் வாயில வைக்க மாட்டாங்க."

மாஸ்டரின் சமையலை, மாஸ்டரின் முகத்துக்கு நேராக, இப்படி ஒரு உயிரும் சொன்னதில்லை. அவர் கரண்டியில் மிச்சமிருந்ததை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எங்காவது ஒரு துளி கசப்பு அகப்படாதா என்று தேடுவது போல நாக்கைப் புரட்டினார். கண்ணைத் திறந்தபோது அது ஈரமாக இருந்தது. வெங்காயம் நறுக்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

அடுப்பை அணைத்தார். சட்டியை எடுத்துச் சூப்பைத் தொட்டியில் கொட்டினார். தேய்த்துக் கழுவி, துடைத்து, மறுபடியும் அடுப்பில் வைத்தார். புதிதாகப் பூண்டு உரித்தார், அவளும் இரண்டு பல் எடுத்து உரிக்க ஆரம்பித்தாள், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றினார்.

"இந்தப் பக்கம் வந்து நில்லு" என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டார். அது ஒரு ஆள் மட்டுமே நிற்கிற இடம். அவள் தோள் அவர் கையில் இடித்தது. "தீயறதுக்கு முன்னாடி சொல்லணும். தீஞ்ச பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

"சரி."

"உப்பு நீ சொல்றப்பதான் போடுவேன்."

"சரிங்க."

மாஸ்டர் பூண்டை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டார், போடவில்லை. "நாளைக்கு... உன் கடைக்கு லீவு சொல்ல முடியுமா?" என்று சட்டியைப் பார்த்தே கேட்டார். கேட்டுவிட்டு, கேட்காதது போலத் தீயைக் கூட்டிக் குறைத்தார்.

காண்ட்ராக்டர் என்ன சொல்வார், காய் நறுக்கும் அக்கா என்ன நினைப்பாள், மாஸ்டருக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகு பெண்டாட்டி வந்து பக்கத்தில் நிற்கிறாளா என்று கேன்டீன் என்ன பேசும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றியது. நாளை ஒரு நாள் போனால் நாளை மறுநாள் என்ன செய்வது என்றும் தோன்றியது. "சொல்லிக்கலாம். மொதல்ல பூண்டைப் போடுங்க, எண்ணெய் புகையுது" என்றாள்.

பூண்டு விழுந்து சடசடத்தது. மாஸ்டர் கரண்டியால் மெதுவாகப் புரட்ட ஆரம்பித்தார். அவர் கண் சட்டியில் இல்லை, மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கும் அவள் முகத்தில் இருந்தது.